கைபேசியில் வராத பாதி

2009 ஜூலை 16, வியாழன். காலை முதல் தூறல்.

1. இதை எழுதுபவன் ஞானசேகரன், வயது ஐம்பத்தாறு, பெங்களூர் வழக்கறிஞர். வாடகைச் சட்டம் பற்றித் தமிழில் வலைப்பூ எழுதுபவன். கீழ்க்காண்பவை நானே கண்டவை. கேட்டவை கேட்டவையாகவே குறிக்கப்படும்.

வலைப்பூவில் ஒரு பின்னூட்டம். ஆங்கில எழுத்தில் தமிழ். ரோஸி, நீலசந்திரா, பொம்மசந்திராவில் தையல் வேலை. மகனுக்குக் கல்யாணம், காலி செய் என்கிறாராம் வீட்டுக்காரர். நீதிமன்ற உத்தரவின்றி வெளியேற்ற இயலாது என்று நான் எழுதியதைக் கைபேசியில் படித்துத் தைரியம் வந்ததாம். கடைசி வரி: "சனிக்கிழமை கே.ஜி.எஃப். போறேன் சார், தங்கச்சி நிச்சயம். எப்பவும் போல சாவிய ஓனரம்மாகிட்ட குடுத்துட்டுப் போறேன், தண்ணி வந்தா பிடிச்சு வெப்பாங்க."

திகைப்பு. அதே கட்டுரையின் இறுதிப் பத்தி: சாவியைத் தராதீர், தந்தால் வீட்டையே ஒப்படைத்ததாக வாதிடுவர். அதைப் படித்தவர் எப்படி? உடனே பதில் இட்டேன். அவரது எண் என்னிடம் இல்லை.

குடை ரிப்பேர். மறக்கலாகாது.

ஜூலை 17, வெள்ளி. மேகமூட்டம்.

மாலை மலர்விழி வந்தாள். அக்காள் மகள், எலெக்ட்ரானிக் சிட்டி வேலை. விவரம் சொன்னேன்.

"மாமா, உங்க பிளாக்கை நீங்க போன்ல பாத்திருக்கீங்களா?"

இல்லை. ஒருமுறையும் இல்லை.

அவள் கைபேசியில் முதலில் வெறும் கட்டங்கள். ஏதோ அமைப்பை மாற்றினாள். கட்டங்கள் கரைந்து தமிழ். என் வாக்கியம், தீப்பெட்டியளவுத் திரையில். 

பின் அது பாதியில் நின்றது. பக்கம் பெரிதாம். அலுவலகக் கணினியில் முழுமையாக ஓடுவது அதில் விதியோடு முடிகிறது. சாவி பற்றிய விலக்கு வருவதே இல்லை. கருத்து எழுதும் இணைப்பு தலைப்பருகே, எழுதிய கருத்துகளோ அடியில். ஆகவே என் பதிலும் அவரை எட்டாது. விதி முதலில், விலக்கு இறுதியில்: தொழிலில் பழகிய முறை.

"பஸ்ல தொங்கிட்டுப் படிக்கிறவங்க மாமா. முக்கியமானத மேல வையுங்க."

புதுப் பதிவு, இரண்டே வரி, அனைத்துக்கும் மேலே. பெயரிடுவது முறையன்று, ஆகவே 'நீலசந்திரா வாசகருக்கு: சாவியை எவரிடமும் தராதீர். தந்திருந்தால் இன்றே திரும்பப் பெறுக.'

ஜூலை 18, சனி.

பதில் இல்லை. கே.ஜி.எஃப். வழி போகும் மரிக்குப்பம் ரயில் போயிருக்கும். வழக்குக் கட்டு ஒன்றும் படிக்க ஓடவில்லை.

ஜூலை 20, திங்கள். நல்ல வெயில்.

ரோஸி நேரில் வந்தார். வலைப்பூவிலிருந்த முகவரி பிடித்து. இனி அவர் சொல்லக் கேட்டவை:

சனி காலை சாவியைக் கொடுத்துவிட்டு ரயிலேறினார். பொழுதுபோகாமல் கைபேசியைத் திறக்க, முதல் வரியே சாவி. பாதி வழியில், மாலூரில் இறங்கி எதிர் ரயில்.

"புதுப் பூட்டு வாங்கி வெச்சிருந்தாங்க சார். கவர்கூடப் பிரிக்கலை. ஏன்டி திரும்பிட்டேன்னாங்க. பட்டுப் புடவைய மறந்துட்டேன், சாவி குடுங்கன்னேன்."

ஓனரம்மா கொடுத்துவிட்டாராம். ரோஸி நிச்சயத்துக்குப் பந்தி நேரத்தில்தான் போய்ச் சேர்ந்தாராம். தங்கை இன்னும் பேசவில்லையாம்.

நீலசந்திராவுக்கு ஒரு சம்மன் போய்ச் சேர எத்தனை வாய்தா ஆகும் என்பதை அறிந்தவன் நான். இந்த மேசையில் தட்டிய இரண்டு வரி, ஓடும் ரயிலில், ஒருவர் உள்ளங்கையில். எடுத்துச் சென்றவர் எவருமில்லை. இதை எந்தச் சட்டத்தின்கீழ் வகைப்படுத்துவது என்று தெரியவில்லை.

(ஒப்பம்) ஞானசேகரன்

சாட்சிகள்:
1. மலர்விழி
2. ரோஸி. சாவி அவர் கைப்பையில், காட்டினார், கண்டேன்.