வெள்ளைக் குள்ளன் நகர்ந்த தூரம்

டாலிகஞ்ச், கல்கத்தா
9.2.1996

அன்புள்ள தாரா,

உன் கட்டுரை வந்தது. சந்தோஷம், நம்பிக்கைதான் வரவில்லை. பூமியளவுக்குச் சுருங்கிய ஒரு வெள்ளைக் குள்ளன் நட்சத்திரம் கணக்கை மீறிக் குளிர்கிறது, அதன் வெப்பத்தை ஆக்சியான் என்னும், யாரும் இதுவரை காணாத துகள்கள் கொண்டுபோகின்றன என்கிறாய். குளிரும் வேகத்தை அதன் ஒளித் துடிப்பின் இடைவெளி நீள்வதிலிருந்து கணித்திருக்கிறாய். நட்சத்திரம் வானத்தில் குறுக்கே நகர்ந்தாலும் துடிப்பு நீள்வதுபோலத் தெரியுமே. அதைக் கழித்தாயா?

உன்,
சௌந்தரம்

டூசான்
2.3.1996

அடி சௌந்தரம்,

ஹாஸ்டலில் நான் போட்ட காபியில்கூடக் குற்றம் கண்டவள் நீ. கல்யாணத்தோடு ஆராய்ச்சியை விட்டுவிட்டு இருபது வருடமாகக் கல்லூரியில் லென்ஸ் பாடம் நடத்துகிறாய், இன்னும் மாறவில்லை! நகர்வு சொற்பம் என்று விட்டுவிட்டேன். ஜூலை மாநாட்டில் முடிவை அறிவிக்கப் போகிறேன். போன வருடம் எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். முடிந்தால் அளந்து காட்டு. நன்றிப் பத்தியில் உன் பெயரைப் போடுகிறேன்.

தாரா

டாலிகஞ்ச், கல்கத்தா
21.4.1996

அன்புள்ள தாரா,

அளந்தேன். அதே வானப் பகுதியை 1954-இல் எடுத்த படம் இங்கே ஒரு நூலகத்தில் கிடைத்தது. இரண்டையும் எங்கள் ஆய்வகத்து ட்ராவலிங் மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்தேன். துறைத் தலைவர் எட்டிப் பார்த்து, “சௌந்தரம்-தி, ஓட்டா ஃபர்ஸ்ட் இயரேர் ஜொன்னோ!” என்று சிரித்தார். முதலாண்டுப் பிள்ளைகளுக்கானதாம் அது; அவர்கள் குழாயின் துளையை அளக்கும் கருவிதான்.

நாற்பத்தொரு ஆண்டில் உன் குள்ளன் நகர்ந்தது, படத்தில், பத்தில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. முப்பது முறை எடுத்தேன். கழித்துப் பார், அந்தக் கூடுதல் குளிர்ச்சி முழுக்கப் போய்விடும். வேறொன்று மிஞ்சும். ஆக்சியான் இருந்தாலும் ஓர் அளவுக்கு மேல் எடை இருக்க முடியாது; இருந்திருந்தால் நட்சத்திரம் காட்டிக்கொடுத்திருக்கும். அந்த எல்லையைக் கணித்து அனுப்பியிருக்கிறேன்.

நன்றிப் பத்தி வேண்டாம். இது என் கணக்கு.

சௌந்தரம்

டூசான்
3.8.1996

என் சௌந்தரம்,

ஒரு வாரம் உன்மேல் கோபம், மறுவாரம் என்மேல். மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், நீ சொன்னதுதான். மாநாட்டில் என் முடிவை நானே திரும்பப் பெற்றுக்கொண்டு உன் எல்லையை அறிவித்தேன். எங்கள் குழு இத்தனை வருடமாகப் போட்டதையெல்லாம்விட இறுக்கமான எல்லையடி! புதுக் கட்டுரை இத்துடன். முதல் பெயர் உன்னுடையது. கையெழுத்துப் போட்டு அனுப்பு.

தாரா

டாலிகஞ்ச், கல்கத்தா
19.8.1996

அன்புள்ள தாரா,

போட்டுவிட்டேன். நான்காம் பக்கத்தில் உற்சாகத்தில் பிழை வரம்பைக் குறைத்திருக்கிறாய், திருத்தியிருக்கிறேன்.

உறையை மெட்ரோவில்தான் பிரித்தேன். கடைசி ஸ்டேஷனில் பெட்டி காலியான பிறகும் உட்கார்ந்தே இருந்திருக்கிறேன். காவலர் வந்து, “தீதி, நாம்பென் நா?” என்றார், இறங்கவில்லையா என்று. முதல் பக்கத்தை அவரிடம் நீட்டி, “இது என் பெயர்” என்றேன்.

நானா இப்படி, தாரா! முன்பின் தெரியாத மனிதரிடம்.

சௌந்தரம்