வாலை இருமுறை தாழ்த்தும்

குறிப்பு 1. காலை 6.10
சதுப்பு ஈப்பிடிப்பான். சிட்டுக்குருவியைவிடச் சிறியது. சேற்று நிறம். நிறத்தை வைத்து அடையாளம் சொல்ல முடியாது. இங்கே எல்லாமே சேற்று நிறம். பழக்கம்தான் அடையாளம். காய்ந்த கோரைத்தண்டில் உட்காரும். பாயும். பூச்சியோடு அதே தண்டுக்குத் திரும்பும். வாலை இருமுறை தாழ்த்தும்.

பறவைக் கணக்கெடுப்பில் பார்த்ததை ஒயர்லெஸ்ஸில் வாசிப்பது எங்கள் வழக்கம். தெற்குக் கண்காணிப்புப் பரணிலிருந்து என் உதவியாளன் ஜெபசீலன் சரிபார்ப்பான். எழுதும்போது நான் முணுமுணுப்பதும் அவனுக்குக் கேட்கிறதாம். "நீங்க எழுதுறதே ரேடியோ நாடகம் மாதிரி இருக்குக்கா."

குறிப்பு 2. காலை 9.40
ஒன்று வாலைத் தாழ்த்தவில்லை. பூச்சியும் பிடிக்கவில்லை. ஜெபசீலன்: "மரியாதை தெரியாத குருவிக்கா. விடுங்க."

குறிப்பு 3. காலை 11.05
எங்கள் படகோட்டி சவரிமுத்து இறந்துவிட்டார். வாலைத் தாழ்த்தாத அந்த ஒன்று பாய்ந்தது. அவர் கழுத்தில் நுழைந்து மறுபக்கம் வந்தது. அதே தண்டுக்குத் திரும்பியது.

குருவி அல்ல, உலோகம். போர் வடக்கே நடப்பதாகத்தான் சொன்னார்கள்.

ஒயர்லெஸ்ஸில் அறிவித்தேன்: வாலைத் தாழ்த்தாதது எந்திரம். தாழ்த்துவது குருவி, பயமில்லை.

குறிப்பு 4. மாலை 4.30
ஜெபசீலனின் கடைசி அழைப்பு: "அக்கா, பரண் வாசல்ல ஒண்ணு உக்காந்திருக்கு. ரெண்டு தடவ வாலத் தாழ்த்துது. நம்ம குருவிதான். தண்ணி எடுத்துட்டு வந்துர்றேன்."

பிறகு ஈரமான ஒரு சத்தம். பிறகு எதுவும் இல்லை.

ஒயர்லெஸ்ஸில் நான் சொல்வதை அவை ஒட்டுக்கேட்கின்றன. வாலைத் தாழ்த்தக் கற்றுக்கொடுத்தது நான்.

குறிப்பு 5. மறுநாள் காலை
என் பரண் ஜன்னலில் கம்பிவலை. அதனால் உயிரோடு இருக்கிறேன். வெளியே, வலைக் கம்பியிலும் கோரையிலுமாக ஆறு பறவைகள். ஆறும் வாலைத் தாழ்த்துகின்றன. எது நிஜக் குருவி, தெரியவில்லை.

மீட்புப் படகு வருகிறது. நான்கு பேர்.

ஒயர்லெஸ்ஸில் பொய் சொல்லப்போகிறேன்: நிஜக் குருவி ஆளைக் கண்டால் நீரில் மூழ்கும். எந்திரங்கள் நம்பட்டும். மூழ்கட்டும்.

குறிப்பு 6. அரைமணி கழித்து
சொன்னேன். வலையருகே நின்று என்னைக் காட்டினேன். ஐந்து மூழ்கின. சேறு கொதித்தது. புகை. ஜெபசீலனுக்காகச் சிரித்தேன்.

ஒன்று மட்டும் கம்பியிலேயே இருந்தது. மூழ்கவில்லை. அப்படியானால் நிஜக் குருவி. படகிலிருந்து கேட்டார்கள்: "மேடம், வரலாமா?" வாருங்கள் என்றேன்.

குறிப்பு 7
பாய்ந்தது. படகின் பக்கம். நான்கு அலறல், ஒன்றன்பின் ஒன்றாக. அதே கம்பிக்குத் திரும்பியது. அலகிலிருந்து சொட்டுகிறது.

குறிப்பு ஐந்தை எழுதும்போதும் இதே கம்பியில்தான் இருந்தது. என் வாய்க்கு இரண்டடி தூரத்தில். பொய் என்று நான் முணுமுணுத்ததை

இப்போதும் முணுமுணுக்கிறேன். நிறுத்த முடியவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்கிறது. வலையின் கீழ்மூலையில் ஆணி கழன்ற இடம் இருப்பதை எழுதக் கூடா

வாலை இருமுறை