சட்டைக்குள் தெரியாத பிஸ்டல்

மச்சான்,

துப்பாக்கி எண்ணெய் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் அடங்காமல் விரலில் மணக்கிறது. காலையில் உன் மூத்தவன் என்னை ஆயுதக் கடைக்கு இழுத்துப்போனான். கொட்டாஞ்சேனை நகைக்கடை இப்போது அவன் பொறுப்பு. உனக்கு வந்ததைப் போலவே கப்பம் கேட்டு அவனுக்கும் மிரட்டல் அழைப்பு வருகிறதாம். லைசன்ஸ் எடுத்துவிட்டான். சுடும் கழகத்தில் ஒருகாலத்தில் தகரக் கோப்பை வென்ற இந்த மாமாதான் ஆசியாக் கண்டத்தின் ஆயுதப் பேரறிஞர் என்பது அவன் நம்பிக்கை. நானும் மறுக்கவில்லை.

நீ வைத்திருந்த அதே ரகம், புதுப்பித்து வந்திருக்கிறது. உன்னுடையது பிஸ்டலா, அம்மிக்குழவியா? சட்டைக்குள் அது புடைத்து நின்றது துறைமுகத்துக்குள் நுழையும் கப்பலிலிருந்தே தெரியும். இது மெலிந்தது. பிடி குட்டை, ஆனாலும் கூடுதல் ரவைக் குண்டு கொள்கிறது. ஓரங்களை மழுக்கியிருப்பதால் இழுக்கும்போது துணியில் கொளுவாது. விசையும் அடம்பிடிக்கவில்லை. ரவையில்லாமல் அவன் இடுப்பில் செருகிக் குனியவைத்தேன், இருக்கவைத்தேன், கைதூக்கவைத்தேன். கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. கடைக்காரர் என்னை மந்திரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

எனக்கோ உன்மேல்தான் கோபம் வந்தது.

அந்தச் சனியனை வாங்கிய பிறகு நீ என்ன ஆனாய்? கோயிலில் சட்டை கழற்ற வேண்டுமே என்று வாசலோடு நின்று கும்பிட்டாய். முருகன் எட்டிப் பார்த்துத்தான் உனக்கு அருள் தந்திருக்க வேண்டும். வீட்டில் வைத்துவிட்டு வா என்றால், வழியில் அந்த மிரட்டியவன் நின்றால் என்று கேட்டாய். அவன் கடைசிவரை வரவேயில்லை. வந்தது நெஞ்சுவலி.

வெள்ளவத்தையில், என் ஃபிளாட்டில், தேத்தண்ணி ஆறுவதற்குள். ஆஸ்பத்திரி நடக்கிற தூரம். நீ போகமாட்டேன் என்றாய்.

"அங்க உடுப்புக் கழட்டுவாங்கள். பிஸ்டலை உன்னட்டைத் தந்தா லைசன்ஸ் இல்லாத உன்னைப் பொலிஸ் பிடிச்சு மறியல்ல போடும். முதல்ல இதை வீட்டை கொண்டுபோய்ப் பெட்டியில வைச்சுப் பூட்டோணும், மச்சான்."

போட்டால் போட்டிருக்கட்டுமே, மடையா! கதவை மறித்தேன், காலைப் பிடித்தேன். நீ ஓட்டோவில் ஏறினாய்; நானும் ஏறினேன். கொள்ளுப்பிட்டி நெரிசலில் என் தோளில் சாய்ந்து போய்விட்டாய். இந்த நாட்டில் சட்டத்துக்குப் பயந்து செத்த ஒரே மனிதன் நீதான். உனக்குச் சிலை வைக்க வேண்டும். வைத்து, காலையும் மாலையும் அறைய வேண்டும்.

உன் மகன் கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டுக் குறை ஏதும் இருக்கோ என்று கேட்டான். சாமான் திறம் என்றேன். உனக்கு நெஞ்சு நொந்தால் இதை என்ன செய்வாய் என்றும் கேட்டேன்.

அவனுக்கு முகம் மாறியது. "அப்பா ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலதானே, மாமா?"

உன் மனைவி அப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறாள்.

"இல்லையடா. ஆஸ்பத்திரியை விட்டுட்டு, இதைப் பூட்டப் போற வழியில."

பிஸ்டலை உறையோடு கழற்றி மேசையில் வைத்தான். மிரட்டல் பொய்யில்லை, வாங்காதே என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. கையைப் பிடித்துச் சொன்னேன்: "வாங்கு, வாங்காம விடு. நெஞ்சு நொந்தா என்னட்டைத் தந்திட்டு ஓடு. மறியலுக்கு நான் போறன்."

தலையாட்டினான். வாங்குவானோ தெரியாது.

நான் பஸ்ஸில் வந்தேன். காலி வீதியில் அந்த ஆஸ்பத்திரியைக் கடக்கும்போதெல்லாம் உன்னை வாய்விட்டுத் திட்டுகிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் எழும்பி வேறு இடம் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.