ஓக் மரத் திருப்பத்தில் இருந்த பலகை

அக்டோபர் 24, வெள்ளி

வந்து சேர்ந்தாயிற்று. இரண்டு பெட்டி ரயிலில் சைக்கிள் மாட்ட நான்கு கொக்கிகள்தான். மூன்றை ஏற்கெனவே பிடித்துவிட்டார்கள். அர்மெல் தன் சைக்கிளை மாட்டிவிட்டு, என்னுடையதை நானே பிடித்துக்கொள்ள வேண்டியதுதான் என்றான். கல்யாணமாகி முப்பத்தோரு வருடம், இன்னும் இதே கதை. வோக்லேர் நிறுத்தத்திலிருந்து வாடகை வீடு வரை நான்கு கிலோமீட்டர் மேடு. அவன் மிதித்தான், நான் தள்ளினேன்.

மோர்வான் காடுகளுக்கு இது ஆறாவது வருகை. ரயில் போகும் வரை ரயில், பிறகு சைக்கிள், அதுவும் போகாத இடத்தில் நடை. பள்ளிச் சமையலறையில் இருபத்தாறு வருடம் முந்நூறு பேருக்கு உருளைக்கிழங்கு மசித்தவளுக்கு இது போதும்.

அக்டோபர் 25, சனி

ரொட்டிக்கடை லுதோவிக்தான் இந்த வருடம் ஊர் வேட்டைக் குழுவின் தலைவராம். பாதையில் 'வேட்டை நடக்கிறது' பலகை இருந்தால் அதோடு திரும்பிவிடச் சொன்னார். அர்மெல் சும்மா இருப்பானா? "வேட்டை இல்லாத நாள்லயும் உங்க பலகை நிக்குதே. போன வருஷம் வாரம் பூரா நின்னுச்சு" என்றான்.

லுதோவிக்கின் காது சிவந்துவிட்டது. "எடுக்க மறந்துடறோம், இல்லன்னு சொல்லல. அதுக்காக அது சும்மா நிக்குதுன்னு நினைச்சுடாதீங்க" என்றார். மீதிச் சில்லறையை என் கையில் கொடுத்தார், அவன் கையில் அல்ல.

அர்மெல் நில அளவையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வரைபடத்தில் பொதுப் பாதை என்று கோடு போட்டிருந்தால் அவனுக்கு அது வேதம். பிறகு நடக்கப் போனபோது, ஓக் மரத் திருப்பத்தில் ஒரு பலகை நின்றது. நாய்ச் சத்தம் இல்லை, வண்டி இல்லை, ஆள் இல்லை. பிடுங்கி, பக்கத்துப் புதரில் குப்புறப் போட்டான். "வேட்டையாம்! யாரு நடத்துறா, அணிலா?"

நான் சிரித்தேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

இன்னொரு பலகை, மேட்டுப் பாதையில். வெளுத்துப்போய், மேலே சிலந்தி வலை. அதுவும் குப்புற. மாலையில் தொலைவில் வெடிச் சத்தம், நான்கு தடவை.

அக்டோபர் 28, செவ்வாய்

ரயிலில் ஒதில் என்று ஒரு பெண்மணி எதிரே உட்கார்ந்தார். அறுபத்தேழு வயது, முன்னாள் தபால்காரர், டிஜோனில் எங்களுக்கு நான்கு தெரு தள்ளித்தான் வீடு. கைத்தடியில் சின்ன ஆட்டுமணி கட்டியிருக்கிறார். தான் வருவது பாம்புக்கும் பன்றிக்கும் முன்கூட்டியே தெரியட்டுமாம். பேச்சு வேட்டைப் பக்கம் போனது. பலகை என்று இருந்தால் தன் கண்ணில் படாமல் போகாது என்றார். "முப்பத்தெட்டு வருஷம் 'நாய் ஜாக்கிரதை' பார்த்துப் பார்த்தே பொழைச்சவ நான், மதாம். பார்க்காம விட்ட ஒரே ஒரு பலகைக்குத் தழும்பு இருக்கு." கால்சட்டையைத் தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டினார். அர்மெல்கூடச் சிரித்துவிட்டான்.

ஓக் மரத் திருப்பத்தில் பிரிந்து குளம் வரை போகும் வழியை நான்தான் சொன்னேன். நடந்தால் முக்கால் மணி நேரம், காளான் கொட்டிக் கிடக்கிறது என்றேன். வரைபடத்தில் குறித்துக்கொண்டார். சனிக்கிழமை கணவர் கல்லறைக்குச் செவ்வந்தி வைக்க வேண்டும், ஞாயிறு 10.10 ரயிலில் வருகிறேன் என்றார்.

அக்டோபர் 30, வியாழன்

காலையில் வேலியருகே ஒரு வேட்டை நாய். கழுத்தில் மணி, மூக்கெல்லாம் காய்ந்த ரத்தம். குரைக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. கதவைச் சாத்திக்கொண்டேன்.

நவம்பர் 1, சனி

இந்த நோட்டில் எழுதாமல் விட்டதையும் சேர்த்து எண்ணிப் பார்த்தேன், இதுவரை ஐந்து பலகைகள். போதும் என்று சொன்னேன். "நீ எப்பவுமே பயந்தாங்கொள்ளி, ரெஜின்" என்றான். இரவுச் சாப்பாட்டை அவனே சூடு பண்ணிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

நவம்பர் 2, ஞாயிறு

வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்பதே கால். பனிமூட்டம். ஓக் மரத் திருப்பத்தில் மறுபடி பலகை. முளையைச் சுற்றி மண் ஈரமாக இருந்தது. மிதிபட்ட புல் இன்னும் நிமிரவில்லை. காலையில் நட்டது. பார்த்தேன். வாய் வரை வந்தது. நேற்று அவன் சொன்னது ஞாபகம் வந்தது, பேசவில்லை. அவன் மண்ணைப் பார்க்கவே இல்லை. பிடுங்கிக் குப்புறப் போட்டுவிட்டு நடந்தான். கை பழகிவிட்டது.

பத்து மணிக்குக் குளத்தங்கரை. அப்போதுதான் பின்னால் காட்டுக்குள் ஊதுகொம்பு. அர்மெல் திரும்பிப் பார்த்துவிட்டுப் பையைத் திறந்தான். பாலாடைக்கட்டி வெட்டினோம். நாய்கள் ஓடும் சத்தம் இடமிருந்து வலமாகப் போனது.

பதினொன்றுக்குத்தான் மண்டையில் உறைத்தது — ஒதில்! 10.10 ரயில்! எழுந்து ஓடப் பார்த்தேன். அர்மெல் தோளைப் பிடித்து உட்காரவைத்தான். "பைத்தியமா உனக்கு? அங்கதான் பலகை இருக்கே, பார்த்துட்டுத் திரும்பிடுவாங்க" என்றான்.

சொல்லி முடித்தான். பிறகு அவன் முகத்தை நான் பார்த்தேன்.

ரொம்ப நேரம் கழித்து ஒரே ஒரு வெடி. அதன் பிறகு நாய்கள்கூடக் குரைக்கவில்லை. பன்னிரண்டரைக்கு ஹெலிகாப்டர்.

மாலை அர்மெல் சைக்கிளைப் பூட்டினேனா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனான். ஒன்றரை மணி நேரம். முட்டிவரை சேறோடு வந்தான். அவனாகவே சொன்னான்: "குளத்துல போட்டுட்டேன்."

நவம்பர் 3, திங்கள்

ஒதிலுக்கு உயிர் இருக்கிறது. தொடையிலும் இடுப்பெலும்பிலும் குண்டு. டிஜோனுக்கே தூக்கிப் போயிருக்கிறார்கள்.

சுட்டது லுதோவிக். மணிச் சத்தம் கேட்டதாம். தன் நாய்தான் பன்றியை விரட்டிக்கொண்டு வருகிறது என்று அதற்கு முன்னால் அசைந்த புதரைப் பார்த்துச் சுட்டாராம். எட்டரை மணிக்குத் தன் கையாலேயே பலகை நட்டதாகச் சத்தியம் செய்கிறார். போலீஸ் போய்ப் பார்த்தால் பலகை இல்லை, முளை இருந்த குழிதான் இருக்கிறது. அந்தக் குழி என்றைக்கு விழுந்தது என்று யார் சொல்வது?

எங்களிடமும் வந்து கேட்டார்கள். நாங்கள் மேட்டுப் பாதை வழியாகக் குளத்துக்குப் போனதாகவும் பலகை எதையும் பார்க்கவில்லை என்றும் அர்மெல் சொன்னான். குரல் துளிகூடப் பிசிறவில்லை. வந்திருந்த இளம் போலீஸ்காரர் என் பக்கம் திரும்பினார். நான் எழுந்து போய் அடுப்பைக் குறைத்தேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

நவம்பர் 4, செவ்வாய்

ஊர் திரும்பும் நாள். ரொட்டிக்கடை இரும்புக் கதவு இறக்கியிருந்தது. அதன்மேல் சிவப்புச் சாயத்தில் 'கொலைகாரன்'. லுதோவிக்கின் மனைவி வாளியும் பிரஷ்ஷுமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கடக்கும்போது வணக்கம் சொன்னாள். நானும் சொன்னேன்.

ரயிலில் இன்று கொக்கிகள் எல்லாமே காலி.

நவம்பர் 5, புதன்

சண்டை. ஒருத்தரையொருத்தர் பார்க்காமலே சண்டை. நாம் ஒன்றும் துப்பாக்கியைத் தூக்கவில்லை, கண்ணால் பார்க்காமல் சுட்டவன் அவன் என்கிறான். அதில் பொய் இல்லை. அதுதான் என்னைக் கொல்லுகிறது.

"அப்ப பலகையை ஏன் குளத்துல போட்ட?" என்றேன்.

எழுந்து போய்ப் படுத்துவிட்டான்.

நவம்பர் 7, வெள்ளி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவனிடம் சொல்லவில்லை. ஒதில் பாதியாகிக் கிடக்கிறார். என்னைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டார் — சந்தோஷப்பட்டார்! வழி சொன்னதற்காக நான் வருத்தப்படக் கூடாதாம், தப்பு தன்னுடையதுதானாம்.

"அந்த ஆள் பலகை நட்டேன்னு அழுவுறாராம். பொய் சொல்ற ஆளு அப்படி அழமாட்டான். அப்ப நான்தானே பார்க்காம விட்டிருக்கேன்? நேத்து கண் டாக்டரை வரச் சொன்னேன். எல்லாம் சரியா இருக்குங்கறார். கண்ணு சரியா இருந்தா, கோளாறு தலையிலதானே இருக்கணும்? என் அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது, மதாம்."

கொண்டுபோன ஆரஞ்சுப் பழத்தை உரித்து உரித்து அடுக்கிக்கொண்டே இருந்தேன். சீ, என்ன பிறவி நான்.

நவம்பர் 8, சனி

ஒதிலின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். எலும்பு சேர்ந்த பிறகு அம்மா தனியாக இருப்பது சரிவராது, முதியோர் இல்லம் பார்க்கிறோம் என்றாள். அம்மாவே அதைக் கேட்டாராம். வீட்டை விற்பதற்கு முன் அம்மாவின் சைக்கிளை யாருக்காவது கொடுக்க வேண்டும், உங்களுக்கு வேண்டுமா என்று கேட்டாள்.

நவம்பர் 10, திங்கள், மாலை 5.10

ஒதிலிடம் சொல்லிவிட்டேன். ஒன்பதே கால், ஈர மண், நிமிராத புல், அர்மெல், குளம். நான் பார்த்தும் பேசாமல் இருந்ததை முதலில் சொன்னேன்.

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. இரண்டு கையாலும் முகத்தைத் தடவினார், கண்ணைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப என் தலையில ஒண்ணும் இல்ல" என்றார். இன்னொரு தடவையும் சொன்னார், எனக்கல்ல. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "போகும்போது கதவைச் சாத்திட்டுப் போங்க. இனிமே வர வேண்டாம்."

சாத்திவிட்டு வந்தேன்.

இப்போது போலீஸ் நிலையத்துக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆறு மணி வரை திறந்திருக்கும். நேரம், இடம், எத்தனை பலகை என்று கேட்பார்கள். எல்லாம் இதில் இருக்கிறது. நான் சிரித்ததும் இருக்கிறது. அர்மெல் மூன்று தடவை அழைத்துவிட்டான். போலீஸிடம் போகிறேன் என்று காலையிலேயே அவனிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். அவன் வரைபடங்களை மடித்துக்கொண்டிருந்தான், நிமிரவில்லை.

நோட்டைத் திருப்பித் தருவார்களா என்று தெரியவில்லை. விளக்குப் போட்டுவிட்டார்கள். உள்ளே போகிறேன்.