அண்ணையின் பிரெஞ்சுக் கார்

இன்று 2024ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 19ஆம் திகதி, சனிக்கிழமை. எனக்கு எழுபத்தொன்பது வயதும் நான்கு மாதங்களும் பதினொரு நாட்களும் ஆகின்றன. வயதை இவ்வளவு துல்லியமாகக் குறிப்பது பெருமைக்காக அல்ல. அறிவு மங்கிய கிழவி ஒருத்தி ஏதோ உளறினாள் என்று பின்னால் எவரும் இந்தக் கடிதத்தை ஒதுக்கிவிடக்கூடாது என்பதற்காக.

அண்ணை, உங்கள் மகள் காலையில் வந்து போனாள். மில்லிக்கனில் அவள் வீட்டிலிருந்து வெக்ஸ்போர்ட்டில் என் வீட்டுக்குக் காரில் அதிக நேரம் ஆகாது. நீங்கள் உயிரோடிருந்தபோது அந்தத் தூரம் அவளுக்கு வருடத்துக்கு ஒரு முறைதான் வாய்த்தது. என் சாப்பாட்டு மேசையில் ஒரு பிஸ்கட் தகரத்தையும் ஒரு பை நிறைய நீங்கள் எழுதிய கொப்பிகளையும் வைத்தாள். தகரத்தின் மூடியைத் திறந்ததும் பித்தளை மினுக்கும் திரவத்தின் மணம் மூக்கில் ஏறியது. நீங்கள் போய்ப் பதினெட்டு நாட்களாகியும் அந்த மணம் போகவில்லை. உள்ளே, நீங்கள் அறுபது வருடங்களுக்கு மேலாகத் துடைத்துத் துடைத்து எழுத்துகளே தேய்ந்துபோன, எங்கள் ஐயாவின் பழைய காரின் முகப்புச் சின்னம் இருந்தது. பக்கத்தில், தீப்பெட்டியளவில், தொழிற்சாலை இலக்கம் பொறித்த எண் தகடு.

“மாமி, அப்பாவின்ர முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறம். தேவாரத்துக்குப் பிறகு அவர் எழுதின கார் ஹிஸ்ட்ரியையும் போடப் போறம். நீங்கள் ஒருக்கா வாசிச்சுப் பிழை பாத்துத் தாங்கோ. வெள்ளிக்குள்ளை அச்சுக்குக் குடுக்கோணும்.”

“செத்தவீட்டு மலரிலை ஆரடி கார்ப் பந்தயம் வாசிக்கப் போகினம்?”

“நீங்கள் வாசிப்பியள்தானே.”

உங்கள் வாய் அவளுக்கு அப்படியே வந்திருக்கிறது. வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு எடுத்துப் போய் அலுமாரிக்கு மேல் எறிகிற மலர்தான் அது. ஆனாலும் அச்சில் ஏறுவது அச்சில் ஏறுவதே. அதனால் மேசையில் இருந்தபடியே ஏழு கொப்பிகளையும் வாசித்தேன்.

அந்தக் காரைச் செய்த பிரெஞ்சுக் கம்பனியின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. நீங்கள் வாய் ஓயாமல் செய்த விளம்பரம் அதற்குப் போதும். முதலாம் உலகப் போருக்கு முன்னர் பரிஸ் நகருக்கு அருகே, ஒற்றைக் கண் பார்வையோடு வளர்ந்த ஒருவர் தொடங்கிய கம்பனி. முதலில் சிறிய கார்கள் செய்தது, பிறகு பெரிய கார்கள். கடைசியில், பணக்காரர்கள் தம் மனைவியர் அல்லாத பெண்களுக்கு வாங்கிக் கொடுக்கும் கார் என்றே பெயரெடுத்தது. இந்த விடயம் உங்கள் கொப்பிகளில் எங்கும் இல்லை. பிரெஞ்சில் வாசித்தவள் நான் என்பதால் எனக்குத் தெரியும். உங்கள் மனைவி இருக்கும் சபைகளில் அதைச் சொல்லாமல் விட்டது நான் உங்களுக்குச் செய்த உபகாரம்.

ஸ்காபரோவின் கல்யாண மண்டபங்களில், பக்கத்தில் இருப்பவர் தன் புதுக் காரைப் பற்றி வாய் திறந்தால் போதும், நீங்கள் கால் வெந்த கதையைத் தொடங்கிவிடுவீர்கள். வடையைக் கையில் வைத்துக்கொண்டே சொல்வீர்கள்.

“அவங்கடை ரேஸ் காரிலை எஞ்சின்ரை சூடு முழுக்க ட்ரைவரின்ர காலுக்கை. கால் வெந்துபோச்சு. வாளித் தண்ணிக்குள்ளை காலை வைச்சு எடுத்துப்போட்டுத் திரும்ப ஏறி ஓடினவங்கள். ஓடி ரேஸும் வெண்டவங்கள், தெரியுமே!”

“அப்ப முதலாளியின்ர கால் எங்கை இருந்தது, அண்ணை?” என்று நான் கேட்பேன். மேசையே சிரிக்கும்.

“உனக்கு எஞ்சின் விளங்காது. நீ பேசாமல் சாப்பிடு.”

எனக்கு எஞ்சின் நன்றாகவே விளங்கியது. அடுத்த வருடம், காலைச் சுட்ட புகைக்குழாயை எஞ்சினின் மறுபக்கத்துக்கு மாற்றினார்கள். போன பெரிய பந்தயங்களை எல்லாம் வென்றார்கள். அது மேதைமையின் உச்சம் என்று மூன்றாம் கொப்பியில் எழுதியிருக்கிறீர்கள். மனிதர்களின் கால் வேகும்வரை ஒரு குழாய் எந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்று தெரியாதிருந்ததை நான் மேதைமை என்று சொல்லமாட்டேன். பந்தயமும் படாடோபமும் கம்பனியைத் தின்றன. உலகமெங்கும் வியாபாரம் படுத்தபோது போட்டிக் கம்பனி ஒன்று அதை விழுங்கியது. மாளிகையில் விருந்து வைத்த முதலாளி கடைசிக் காலத்தில் சைக்கிளில் மாதா கோயிலுக்கு யாத்திரை போனார். அதைத் துறவு என்று நீங்கள் ஒவ்வொரு முறையும் சொல்வீர்கள். மாளிகைக்காரன் சைக்கிளில் போனால் அது துறவு அல்ல, அண்ணை. அவனிடம் வேறு வாகனம் இல்லை, அவ்வளவுதான்.

ஐயாவின் காருக்கு வருகிறேன். மலைநாட்டு ஆஸ்பத்திரியில் அப்போதிக்கரி வைத்தியராக இருந்த ஐயா, ஊரைவிட்டுப் போன ஒரு தோட்டத்துத் துரையிடம் அதை வாங்கினார். எனக்கு நினைவு தெரிந்தபோது அதன் எஞ்சின் எங்கள் புகையிலைத் தோட்டத்தில் நீர் இறைத்துக்கொண்டிருந்தது. உடல், கொட்டிலில் கிடந்தது. பின் ஆசனத்தில் கோழிகள் முட்டையிட்டன. முன் ஆசனத்தில் இருந்து நீங்கள் வாயால் உறுமிக்கொண்டு பந்தயம் ஓடினீர்கள். பழைய இரும்பு வாங்குபவன் அதைக் கொண்டுபோவதற்கு முதல் நாள் சின்னத்தையும் தகட்டையும் நீங்கள் கழற்றி வைத்துக்கொண்டீர்கள். அது அந்தப் பிரெஞ்சுக் கம்பனியின் கார் என்று நீங்கள் சொன்னதைச் சொந்தக்காரர்கள் எவரும் நம்பவில்லை. “உது ஏதோ இங்கிலிஸ் கார். ஆரோ துரை விளையாட்டுக்கு ஒட்டின தகடு,” என்று சித்தப்பா சொன்னதை நீங்கள் கனடா வரையும் சுமந்து வந்தீர்கள். அந்தத் தகடு உண்மையா என்பதுதான் உங்கள் வாழ்க்கையின் கேள்வி. வேறு நல்ல கேள்வி எதுவும் உங்களுக்குக் கிடைக்கவில்லை.

எனக்கும் ஒரு கேள்வி இருந்தது. 1968இல், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு படித்து முடித்த எனக்குப் பிரெஞ்சுத் தூதரகத்தின் புலமைப்பரிசில் கிடைத்தது. ஒரு வருடம், பரிஸ் நகரில். ஐயா காலமாகி இரண்டு வருடங்கள். வீட்டுக்கு வந்த கடிதத்தை நீங்கள் உடைத்தீர்கள். நீங்களே ஆங்கிலத்தில் பதிலும் எழுதினீர்கள். “குடும்ப நிலைமை காரணமாக என் தங்கை இதை ஏற்க இயலாதிருக்கிறாள்.” மூன்று வாரம் கழித்து, வருத்தம் தெரிவித்துத் தூதரகம் எழுதிய கடிதத்தைப் பார்த்துத்தான் நான் ஏற்க இயலாதிருப்பது எனக்கே தெரியவந்தது.

“எனக்கு வந்த கடிதத்துக்கு நீங்கள் என்னெண்டு பதில் எழுதுவியள்?”

“ஐயா இல்லாத வீட்டிலை நான்தான் எழுதோணும். தனிப் பொம்பிளை பரிஸிலை ஒரு வருசம் நிண்டிட்டு வந்தால் ஆர் உன்னைக் கட்டுவான்?”

“காருக்கு எண்டால் பரிஸ் நல்ல ஊர். எனக்கெண்டால் கூடாத ஊரோ?”

“வாய் காட்டாதை.”

என்னைக் கட்டவும் ஒருவன் வந்தான்; பதினொரு வருடத்தில் போயும் விட்டான். அதற்கு நான் உங்களைக் குறை சொல்வதில்லை. அது என் சொந்தத் தெரிவு. பரிஸ் என் சொந்தத் தெரிவாக இருக்கவில்லை. இன்றுவரை நான் பரிஸைப் பார்த்ததில்லை. பார்க்க வசதி வந்தபோது, இருபத்து மூன்று வயதில் பார்க்கவேண்டியதை அறுபதில் போய்ப் பார்ப்பது எனக்கு அருவருப்பாக இருந்தது.

இந்த நாட்டில் என் பிரெஞ்சுக்கு ஒரு மேசையும் கதிரையும் கிடைத்தன. அரச அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடங்கள் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். நான் கையொப்பமிட்ட எந்தப் பத்திரத்திலும் எவரும் பிழை கண்டதில்லை. நீங்கள் மிசிசாகாவில் ஓர் உதிரிப்பாகக் கடையில், கார் பிரேக் வாங்க வருபவர்களை நிறுத்திவைத்துக் கால் வெந்த கதை சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

1997 மார்ச்சில் ஒரு ஞாயிறு மத்தியானம். உங்கள் கார் பழுதென்று இரண்டு பஸ் மாறி, சேற்றுப் பனியில் நடந்து வந்தீர்கள். மேலங்கியின் உட்பையில் ஒரு கடித உறை. அந்தக் கம்பனியின் பழைய கார்களைப் பேணுகிற பிரெஞ்சுச் சங்கம் ஒன்றுக்கு எண் தகட்டின் இலக்கத்தை எழுதி அனுப்பியிருந்தீர்கள், பதில் வந்துவிட்டது. நீங்கள் அதை உடைத்துக்கூடப் பார்க்கவில்லை. என் கையில் அப்படியே தந்தீர்கள். என் கடிதத்தை உடைத்த அதே கை.

“நீ வாசி. எனக்குப் பிரெஞ்சு விளங்காது.”

இரண்டு பக்கங்கள், தட்டச்சில். நான் ஒரு முறை வாசித்தேன். பிறகு மறுபடியும் வாசித்தேன். நீங்கள் மேலங்கியையும் கழற்றாமல் கதிரை நுனியில் இருந்தீர்கள்.

“கெதியாச் சொல்லன்.”

“உந்த நம்பர் தங்கடை பதிவிலை இல்லையாம். தகடு வேறை எங்கையோ இருந்து வந்திருக்கலாமாம்.”

“வடிவாப் பாத்தியே?”

“எனக்கு உதுதானே வேலை.”

நீங்கள் சப்பாத்தைப் பார்த்தீர்கள். உருகிய பனி என் கம்பளத்தில் இறங்கியது. “ஓம். நீ சொன்னால் சரியாத்தான் இருக்கும்,” என்றீர்கள். தேநீர் குடிக்கவில்லை. கடிதத்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனீர்கள்.

அதற்குப் பிறகும் மண்டபங்களில் கால் வெந்த கதை தொடர்ந்தது. ஐயாவின் காரை மட்டும் நீங்கள் மறந்தும் சொல்லவில்லை. தோற்றதை மறைக்கிற வீம்பு என்றே நான் எடுத்துக்கொண்டேன். இன்று ஏழாம் கொப்பியைத் திறந்தேன். நடுவில் ஓர் அத்தியாயத்தின் தாள்கள் அடியோடு கத்தரிக்கப்பட்டிருந்தன. தையலில் வெட்டுநுனிகள் மட்டும் நின்றன. கடைசிப் பக்கத்தில் உங்கள் சாய்ந்த கையெழுத்து:

“எம் தந்தையாரிடம் இருந்த கார் இக்கம்பனியுடையது எனப் பல காலம் கூறிவந்தேன். பிரெஞ்சுச் சங்கத்தார் அதனை மறுத்துள்ளனர். கடிதத்தை வாசித்தவர் என் தங்கை. அவர் மொழிபெயர்ப்பில் பிழை இராது. ஆகையால் அந்த அத்தியாயத்தை நீக்கிவிட்டேன். என் பேச்சை நம்பியவர்கள் மன்னிக்கவும்.”

தற்பெருமைக்காரர் என்று நான் வாழ்நாள் முழுவதும் இகழ்ந்தவர், தனக்கு மிகவும் பிடித்த பக்கங்களைக் கத்தரிக்கோலால் வெட்டியிருக்கிறார். எனக்கு இது பிடிக்கவில்லை. நான் உங்களுக்கென்று ஒதுக்கிவைத்த இடத்தில் இது பொருந்தவில்லை.

சற்று முன் உங்கள் மகள் தொலைபேசியில் கேட்டாள்.

“மாமி, பிழை ஏதும் இருக்கே?”

“ஒண்டு இருக்கு. கடைசிப் பக்கத்திலை.”

“எழுத்துப் பிழையோ? நானே மாத்திவிடுறன், சொல்லுங்கோ.”

“உன்னாலை ஏலாது. நாளைக்கு வா. ஒரு கடிதமும் தாறன், அதையும் மலரிலை போடு.”

அழுதுகொண்டு எழுதுகிறேன் என்று நினைக்கவேண்டாம். 1968ஐ நான் உங்களுக்கு இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. ஆனால் என் பிழை உங்கள் பெயரில் அச்சேறுவதை அனுமதிக்க முடியாது. சங்கத்தின் கடிதத்தினுடைய அந்த இரண்டு பக்கங்களும் இருபத்தேழு வருடங்களாக என் கடவுச்சீட்டோடு ஒரே உறையில் இருக்கின்றன. வீடு மாறியபோதெல்லாம் கைப்பையில் வைத்தே கொண்டுவந்தேன். முதல் பந்தியை இப்போது சரியாக மொழிபெயர்த்துத் தருகிறேன்:

“ஐயா, தாங்கள் அனுப்பிய இலக்கம் எங்கள் பதிவேட்டில் உள்ளது. அந்தக் கார் எங்கள் கம்பனியுடையதே. பரிஸிலிருந்து கொழும்புக்கு அனுப்பப்பட்டது. தங்கள் தந்தையார் அதனருகே நிற்கும் படம் ஏதும் இருப்பின், எமக்கு அனுப்பிவைப்பீர்களா?”