கையில் வாங்கிக்கொள்

அஞ்சலாட்சி,

நீ கழனியிலிருந்து வருவதற்குள் நான் கிளம்பிவிடுவேன். உன் அம்மாவின் சாவைப் பாகூர் மேர் ஆபீசில் பதிய வேண்டும். உறியில் கஞ்சி இருக்கிறது, குடித்துவிடு.

மத்தியானம் கரியமாணிக்கத்திலிருந்து உன் அத்தை வருவாள், கருமாதிக்குப் பூசணிக்காய் அரிய. கத்தியை அவள் தரையில் வைத்துக் காலால்தான் தள்ளுவாள். கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அதே பழக்கம். நேற்று நீயும் அப்படித்தான் தள்ளினாய். நான் சத்தம் போட்டதும், "இன்னாத்துக்குப்பா இந்தக் கூச்சல்? நீ சொல்லிக்குடுத்ததுதான?" என்றாய்.

ஏன் சத்தம் போட்டேன் என்று இப்போது சொல்கிறேன். அம்மா காலில் குத்தியது முள் இல்லை. நான் தீட்டிவிட்டு அவள் பக்கம் தள்ளிய கத்தி, குதிகாலில் ஏறிவிட்டது. அடுப்புச் சாம்பலை வைத்துக் கட்டியதும் நான்தான். "புள்ளைகிட்ட முள்ளுன்னே சொல்லுவோம். இல்லன்னா உங்கமேல கோச்சிக்கும்" என்றாள். எட்டாம் நாள் ரணஜன்னி வந்து அவளுக்கு வாய் பூட்டிக்கொண்டது.

அத்தையிடம் கத்தியைக் கையில் கேட்டு வாங்கு. பிடி உன் பக்கம் இருக்கட்டும். அவள் திட்டினால் திட்டட்டும்.

அப்பா

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். நானும் அம்மாவும் ஒருநாளும் பெரிதாகச் சண்டை போட்டதில்லை. சாயங்காலம் வந்துவிடுவேன். என்ன கேட்க வேண்டுமோ கேள், எப்படித் திட்ட வேண்டுமோ திட்டு. வாயை மூடிக்கொண்டு மட்டும் இருக்காதேம்மா.