வலது கால் செருப்பு

பிரேசியா, இத்தாலி
3 பெப்ரவரி 2024

அன்புள்ள சுதா,

நான் சுகம். உன் சுகத்தைக் கேட்டறிய வழியில்லை, என் நம்பரைத்தான் உன் போனில் பிளாக் பண்ணி வைத்திருக்கிறாயே. பேசினால் சண்டை வருகிறது, கடிதம் எழுதுங்கள் என்றாய். எழுதுகிறேன்.

இந்தப் பார்சலில் நம் மோட்டார் சைக்கிளுக்கு கிளட்ச் பிளேட்டும் பிரேக் கம்பியும் இருக்கின்றன. அறுபது வருஷத்துப் பழைய வண்டி, அது பிறந்த இந்த இத்தாலியிலேயே சாமான் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருக்கிறது. நான் பார்த்துக்கொள்ளும் பெரியவரின் மகன் லூக்காதான் சந்தை சந்தையாக அலைந்து தேடித் தந்தார். இனி கார்புரேட்டரும், கியர் மிதிக்கு ஒரு ரப்பரும்தான் பாக்கி.

மெக்கானிக் றினோஸிடம் கொடுத்து மாட்டச் சொல். பெயிண்ட் அடிக்க வேண்டாம், பழைய சிவப்பு துருவோடு அப்படியே இருக்கட்டும். எஞ்சின் நம்பரைத் தெளிவாகப் படம் பிடித்து அனுப்பச் சொல்.

அன்புடன்,
விஜேந்திரன்

ரத்தோட்டை
1 மார்ச் 2024

அன்பு அத்தானுக்கு,

பார்சல் கிடைத்தது. அதில் எனக்கென்று ஒரு சீப்புகூட இல்லை. எல்லாம் உங்கள் இத்தாலிக்காரி மோட்டார் சைக்கிளுக்குத்தான், பரவாயில்லை.

தோட்டத்துப் பங்களா கராஜில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த இந்த வண்டியை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்த அன்று என்ன சொன்னீர்கள், ஞாபகம் இருக்கிறதா? "புதுச் சிவப்பு அடிச்சு, ஒன்னய பின்னால வச்சு ரிவர்ஸ்டன் மலைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றீர்கள். நாலு வருஷத்தில் அந்தச் சிவப்பு எங்கே போனது?

றினோஸ் நானாவிடம் நீங்கள் எழுதியதைச் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "தங்கச்சி, ஓடுறதுக்கு வச்சிருக்கிறவன் பெயிண்ட் அடிக்கச் சொல்லுவான். பழசு அப்பிடியே இருக்கணும், நம்பரும் வேணும்னு கேக்கிறவன் விக்கப் போறான்" என்றார். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

அந்த லூக்காவுக்கு என்ன இவ்வளவு அக்கறை? சும்மா யாரும் சந்தை சந்தையாக அலைய மாட்டார்கள். எஞ்சின் நம்பரில் கிரீஸ் அப்பியிருக்கிறது, படத்தில் விழவில்லை.

என் பாலர் பாடசாலையைத் தோட்டத்தின் மேல் டிவிஷனுக்கு மாற்றிவிட்டார்கள். பஸ் வந்தால் உண்டு. வராத நாளில் அட்டைக்கடியோடு நடக்கிறேன். நீங்கள் எப்போது வருகிறீர்கள்?

உங்கள்,
சுதா

பிரேசியா
20 ஏப்ரல் 2024

அன்புள்ள சுதா,

விற்கப் போகிறேன் என்று யார் சொன்னது? எதற்கெடுத்தாலும் சந்தேகம் உனக்கு.

கார்புரேட்டரை அனுப்பி ஒரு மாதத்துக்கு மேலாகிறது. ஒப்படைத்தாயிற்று என்று தபால் இணையத்தளத்தில் காட்டுகிறது. நீயோ ஒரு வரிகூட எழுதவில்லை. றினோஸ் அதை வேறு வண்டிக்கு மாட்டிவிட்டானா? அவன் அடிக்கடி வீட்டுக்கு வருகிறான் என்று அக்கா போனில் சொன்னாள். நான் ஒன்றும் நினைக்கவில்லை. கேட்கிறேன், அவ்வளவுதான்.

விஜேந்திரன்

ரத்தோட்டை
18 மே 2024

அன்பு அத்தானுக்கு,

கார்புரேட்டர் வரவில்லை. வந்தால் சொல்ல மாட்டேனா?

றினோஸ் நானா வருவது உண்மைதான். அவர் மனைவி றஹீமா ராத்தாவும் பின்னால் உட்கார்ந்துதான் வருகிறார். அவ்வளவு பெரிய மனுஷி உங்கள் அக்கா கண்ணில் படவில்லை என்றால் கண்ணாடியை மாற்றச் சொல்லுங்கள்.

இப்போது பஸ்ஸைப் பற்றிக் கவலையில்லை, பிள்ளைகளுக்கு முன்பே போய்விடுகிறேன். செருப்புதான் தாங்கவில்லை. வலது கால் செருப்பு மட்டும் விரல் பக்கம் மேலே கிழிந்து போகிறது, இடது புதிதாகவே கிடக்கிறது. அங்கே தோல் சப்பாத்து நன்றாக இருக்குமாமே. இத்தாலிக்காரிக்கு வாங்கியது போக மிச்சமிருந்தால் எனக்கும் ஒரு சோடி பாருங்கள்.

எப்போது வருகிறீர்கள் என்று கேட்டிருந்தேன். அதற்கு மட்டும் பதில் இல்லை.

சுதா

பிரேசியா
9 ஜூன் 2024

சுதா,

கார்புரேட்டர் வந்துவிட்டது. வண்டி ஓடுகிறது. ஓட்டுவது நீ.

ஊரில் ஓடுகிற மோட்டார் சைக்கிள் எல்லாவற்றுக்கும் கியர் இடது காலில். அதற்கு மட்டும் வலது காலில். ரப்பர் இல்லாத வெறும் இரும்பு மிதி, செருப்பைக் கிழிக்காமல் என்ன செய்யும்? என்னிடம் பொய் சொல்லிவிட்டாயே என்று ஆத்திரமாக வந்தது.

இனி நானும் மறைக்கவில்லை. வண்டியை லூக்காவுக்குத் தருவதாகப் பேசியிருக்கிறேன். அது இங்கே வந்து சேர்ந்தால் தன் கராஜில் நிரந்தர வேலை தருகிறார். நம் நன்மைக்குத்தான். ஓட்டுவதை நிறுத்து. கொழும்பிலிருந்து ஆள் வருவார், ஒப்படைத்துவிடு.

விஜேந்திரன்

ரத்தோட்டை
2 ஜூலை 2024

அத்தான்,

ஆமாம், ஓட்டுகிறேன். முதல் நாள் பிரேக் என்று நினைத்து வலது காலால் மிதித்தேன். கியர் மாறி, தேயிலைக்குள் போய் விழுந்தேன். றஹீமா ராத்தாதான் தூக்கிவிட்டு மறுபடி ஏறச் சொன்னார்.

பொய் சொன்னதும் உண்மைதான். சாமான் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டால் எனக்கு எழுத உங்களுக்கு வேறு காரணம் இருக்காது என்று பயந்தேன். நிரந்தர வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் திரும்பி வருவதாக இல்லை என்றுதானே அர்த்தம்?

கொழும்பு ஆள் வந்தால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுவேன். வண்டி போகாது.

அந்த ரப்பர் மட்டும்தான் இப்போது பாக்கி. அதைத் தபாலில் போடாதீர்கள். கையில் கொண்டு வந்து நீங்களே மாட்டுங்கள். பிறகு வண்டியை விற்பதா வைப்பதா என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுவோம். வருவீர்கள் என்று நம்ப ஆசையாக இருக்கிறது.

உங்கள்,
சுதா

ரத்தோட்டை
27 ஆகஸ்ட் 2024

விஜேந்திரன் அவர்களுக்கு,

ரப்பர் இன்று தபாலில் வந்தது. உறையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன். கடிதம் இல்லை.

கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு அதைச் சுடுதண்ணீரில் போட்டு இளக்கி, நானே மாட்டினேன். அளவு சரியாக இருக்கிறது, செருப்பு இனிக் கிழியாது. சனிக்கிழமை றினோஸ் நானா சிவப்புப் பெயிண்ட் அடிக்க வருகிறார். காய்ந்ததும் ராத்தாவை ஏற்றிக்கொண்டு ரிவர்ஸ்டன் போகப் போகிறேன்.

வண்டிக்கு இனி அங்கிருந்து எந்தச் சாமானும் தேவையில்லை.

சுதர்சினி